ஓடக் கூடாத மிஷின்

என் நாத்தனார் அந்தத் தார்ப்பாயை உருவிய கணம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வெயிலில் வெளுத்துப்போன பச்சைத் தார்ப்பாய். இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். வெள்ளை மண்தூசி கூரைத் தகரம் வரைக்கும் எழும்பியது. அவள் அடுக்கடுக்காகத் தும்மினாள், தும்மலுக்கு நடுவே சிரித்தாள். தூசி அடங்கியதும் அது தெரிந்தது. நீளமான இரும்பு உடம்பு, மேலே அகன்ற வாய், முன்பக்கம் பிசைந்த மண் உருளையாக வெளியே வருகிற வட்டத் துளை. நான் ஷெட்டுக்குள் போகவில்லை, ஷட்டருக்கு வெளியிலேயே நின்றேன். அதைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. என் கணவரின் வலது கையிலிருந்து இரண்டு விரல்களைப் பறித்துக்கொண்டது அந்த மிஷின்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் வேலை நடக்கிற எந்த யூனிட்டுக்குள் போனாலும் அப்படி ஒன்று இருக்கும். பக்மில் என்போம். மேல்வாயில் மண்ணைக் கட்டி கட்டியாகப் போட்டால் உள்ளே சுழல்கிற கத்திகள் அதை வெட்டிப் பிசைந்து, காற்றைப் பிழிந்து, பூரி மாவு பதத்தில் முன்னால் தள்ளும். எங்கள் வீட்டுக்குப் பின்புறம் இருந்த ஷெட்டில் ஃபியூஸ் கட்டைகளும் ஊறுகாய் ஜாடிகளும் செய்துகொண்டிருந்தோம். என் கணவர் மண்ணையும் மிஷினையும் பார்த்துக்கொள்வார். நான் பேக்கிங்கையும், பேக்கிங் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களையும் பார்த்துக்கொள்வேன். அவருக்கு எல்லா மிஷின்களையும் விட அந்தப் பக்மில் மீதுதான் பிரியம் அதிகம். ஆயுத பூஜையன்று அதற்கு மட்டும் மாலை இரண்டு சுற்றாக விழும்.

அன்றைக்குக் கரண்டு போயிருந்தது. மிஷின் வாயில் ஏதோ கல் சிக்கியிருப்பதைப் பார்த்தவர், சுவிட்சை அணைக்காமலே கையை விட்டார். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால், இவ்வளவு கவனக்குறைவா என்று கேட்பார்கள். எங்கள் ஊர் யூனிட்டுகளில் நின்று பார்த்தால்தான் புரியும். கரண்டு இல்லாத நேரத்தில் மிஷினை யாரும் மிஷினாக நினைப்பதில்லை. அதன் மீது சட்டையைக் கழற்றிப் போடுவார்கள், டீ கிளாஸ் வைப்பார்கள், சாய்ந்துகொண்டு போனில் பேசுவார்கள். அது தூங்குகிறது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. கரண்டு வந்தபோது அவர் கை உள்ளே இருந்தது.

அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது பக்கத்து யூனிட்காரர்கள் வந்து பார்த்தார்கள். பூசணிக்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி, கற்பூரம் காட்டிவிட்டு ஓட்டுங்கள் என்றார்கள். ஆளைக் காயப்படுத்திய மிஷினுக்கு அப்படிச் செய்வதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். இவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு யூனிட்டைத் தொழில் கூட்டாளி ஒருவரின் இடத்துக்கு மாற்றினார், வேலை செய்தவர்களையும் அங்கேயே அனுப்பினார், சரக்கை லாரியில் ஏற்றி அனுப்புகிற வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார். பக்மில் மட்டும் ஷெட்டிலேயே கிடந்தது. காயலாங்கடைக்காரர் வந்து கேட்டபோதும் கொடுக்கவில்லை. "அத உருக்கி இன்னொரு மிஷினாப் பண்ணுவாங்க. வேணாம், இங்கியே கெடக்கட்டும்" என்றார். தார்ப்பாயைப் போர்த்தி, ஷட்டரை இழுத்துவிட்டார். அதன்பின் அவர் அந்த ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை.

கால் வைக்காதது ஒன்றும் பெரிதில்லை. வீட்டுக்குள்ளேயே அவர் பயந்தார். கரண்டு போய்த் திரும்பி வரும்போது தெருவே சந்தோஷப்படும், இவர் மட்டும் வலது கையை இடது கக்கத்தில் வைத்துக்கொள்வார். மிக்ஸி போடுவதற்கு முன்னால் நான் குரல் கொடுக்க வேண்டும். "மிக்ஸி போடறேங்க" என்றதும் எழுந்து வாசல் பக்கம் போய்விடுவார். சட்னி அரைப்பதற்கே இப்படி என்றால் மனுஷன் மற்றதற்கு என்ன செய்வார் என்று எனக்கு ஒரு பக்கம் எரிச்சல், இன்னொரு பக்கம் பாவமாகவும் இருக்கும். மிஷின்களோடு பேசிக்கொண்டிருந்த ஆள் அவர். ஒரு பெல்ட் தேய்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிட்டு, அதற்காக இட்லியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிய ஆள்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவருடைய ஒரே தங்கை. முப்பதைத் தாண்டியும் இவருக்கு அவள் பாப்பாதான். சென்னையில் சிற்பம் படித்தாள். சிற்பம் என்றதும் எங்கள் மாமனார் உள்ளூர்ப் பழமலைநாதர் கோயில் தூண்களை மனதில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக அனுப்பிவைத்தார். அவளோ உளியைத் தொடவேயில்லை. ஸ்குரூ டிரைவரைத்தான் தொட்டாள். பழைய மிஷின்களைக் கழற்றி, அவற்றை அவை செய்யாத ஏதோ ஒன்றைச் செய்யவைப்பது அவளுடைய கலை. ஒருமுறை அவளுடைய கண்காட்சிக்குப் போயிருந்தோம். இரண்டு டேபிள் ஃபேன்களை எதிரெதிரே நிறுத்தியிருந்தாள். ஒன்று மெதுவாகத் திரும்பி எதிரே பார்க்கும்போது மற்றது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இது திரும்பியதும் அது பார்க்கும்.

"கல்யாணம்னு பேரு வெச்சிருக்கேன் அண்ணி" என்றாள்.

"காத்தாவது வருதா?" என்று கேட்டேன்.

"றெக்கையே இல்லியே, நீங்க பாக்கலியா?"

ஊர் திரும்பும் ரயில் முழுக்க நான் புலம்பிக்கொண்டே வந்தேன். இதற்கா இத்தனை வருடம் படித்தாள்? என் கணவர் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோவில் ஏறிய பிறகுதான், "ரெண்டு ஃபேனும் ஒரு தடவகூட ஒண்ணையொண்ணு பாக்கவேயில்ல, கவனிச்சியா?" என்றார். எனக்கு என்னவோபோல ஆகிவிட்டது. அதுவரை நான் அதை வேடிக்கையாக மட்டுமே பார்த்திருந்தேன்.

விபத்து நடந்து சில வருடங்கள் கழித்து அவள் ஊருக்கு வந்து தங்கினாள். பக்மில்லைக் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏதோ குழம்பு கேட்பதுபோலக் கேட்டாள். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். இவர் இடது கையால் சாப்பிடப் பழகிய பிறகும் தலை குனிந்தேதான் சாப்பிடுவார். அப்படியே குனிந்தபடி சோற்றைப் பிசைந்தார்.

"எடுத்துக்கோ பாப்பா. எதுவா வேணாலும் பண்ணிக்கோ. ஆனா ஓடக் கூடாது" என்றார்.

அவள் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. சாம்பாரை ஊற்றிக்கொண்டாள். எனக்கு அப்போதே சந்தேகம்தான்.

தார்ப்பாயை உருவியது அதற்கு மறுநாள். அதன்பிறகு ஷெட்டிலிருந்து சத்தம் வர ஆரம்பித்தது. தட்டுகிற சத்தம், அரத்தால் ராவுகிற சத்தம், அவள் தனக்குத்தானே பேசிக்கொள்கிற சத்தம். நான் டீ எடுத்துக்கொண்டு போய் ஷட்டருக்கு வெளியில் நின்று நீட்டுவேன். "உள்ள வாங்க அண்ணி, கடிக்காது" என்பாள். கடித்த மிஷினைக் கடிக்காது என்று சொன்னால் கோபம் வராதா? ஒருநாள் கேட்டேவிட்டேன்: ஊரில் வேறு இரும்பே கிடைக்கவில்லையா, உன் அண்ணன் ரத்தம் பார்த்த இரும்பில்தான் உனக்குக் கலை வரவேண்டுமா? அவள் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னாள். "நம்ம ஊர்ல எந்த மிஷினயும் வேல வாங்காம யாரும் பாத்ததே இல்ல அண்ணி. வேலைய நிறுத்திப் பாத்தாதான் அது மூஞ்சி தெரியும். அண்ணன் இத மூடிவெச்சிருக்காரு. மூடிவெச்சா அது மனசுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும்." நான் டீ கிளாஸை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். பதில் தெரியாதபோது நான் பாத்திரம் எடுத்துக்கொண்டு போய்விடுவது வழக்கம்.

இதற்கு நடுவே அவள் கூட்டாளியின் யூனிட்டுக்குப் போய் ஃபினிஷிங் செய்கிற பெண்களிடம் பழைய ஸ்பாஞ்சுகளைக் கேட்டிருக்கிறாள். சூளைக்குப் போகும் முன் பச்சைச் சாமானின் பிசிறை ஈர ஸ்பாஞ்சால் துடைத்து எடுப்பது அவர்கள் வேலை. ஒருத்தி ஸ்பாஞ்சை இன்னொருத்தி தொடமாட்டாள். நாள்பட நாள்பட அது அவரவர் விரலுக்கு ஏற்றபடி பள்ளம் விழுந்து பழகிவிடும். மாறிப்போகாமல் இருக்க ஆளுக்கொரு நிறத்தில் நூல் கட்டி வைத்திருப்பார்கள். தேய்ந்ததைக்கூடத் தூக்கிப்போட மனமில்லாமல் ஜன்னலில் வைத்திருப்பார்கள். அதையெல்லாம் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. ஷெட்டைத் துடைக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். துடைத்தால் நல்லதுதானே.

மிஷினை எல்லோருக்கும் காட்டத் திறப்புக்கு நாள் குறித்தாள். சென்னையிலிருந்து நண்பர்கள், பக்கத்து யூனிட்காரர்கள், எங்களிடம் வேலை செய்த பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டாள். அதற்கு முந்தின வாரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, அது ஓடும்" என்றாள்.

வாக்கு கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா என்று சத்தம் போட்டேன். அவள் வாக்கு கொடுக்கவில்லை என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் போட்டேன். அப்படி உள்ளே என்னதான் வைத்திருக்கிறாய், அதையாவது உன் அண்ணனிடம் சொல்லேன் என்று கெஞ்சினேன்.

"சொன்னா காதுதான் நம்பும். காது நம்பி என்னா ஆவப்போவுது? கை நம்பணும் அண்ணி."

அன்று சாயங்காலமே இவரிடம் நான் சொல்லிவிட்டேன். மறைத்துவைத்து, அன்றைக்கு அத்தனை பேர் நடுவில் அவர் அதிர்ந்து நிற்பதை என்னால் பார்க்க முடியாது. கேட்டுவிட்டு, "அப்ப நான் உள்ள வரல" என்றார். அவ்வளவுதான். கோபம் இருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். குரலில் கோபமே இல்லை. இந்த மனுஷன் இனி ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கவே போவதில்லை என்பது எனக்கு அப்போது உறுதியாகிவிட்டது. தங்கையோடு பேச்சும் நின்றுபோகும் என்று தோன்றியது. அந்த வாரம் முழுக்க அவர்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். "பாப்பா சாப்ட்டுச்சா?" "அண்ணன் மாத்திரை போட்டாரா?" என்று.

திறப்பு நாள் காலையில் நல்ல வெயில். ஷட்டரை முழுதாகத் தூக்கியிருந்தாள். இவர் கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நின்று, வருகிறவர்களை வாங்க என்று அழைத்து உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். ஷெட்டுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றார். நான் அன்றைக்குத்தான் உள்ளே போனேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. பழைய ஓட்டம் இல்லை. மோட்டாரையே மாற்றியிருந்தாள். தேர் நகர்வதுபோல அத்தனை நிதானம். மண்ணுருளை வெளியே வருகிற துளையில், உடைசலாகக் கழித்த ஃபியூஸ் கட்டைகளை நூலில் கோத்துத் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே தண்டு ஒரு சுற்று வரும்போது அவை மெல்ல ஒன்றோடொன்று மோதிக் கிணுங்கின. உடம்பிலிருந்த பழைய பெயின்டைச் சுரண்டவேயில்லை. எங்கள் ஆயுத பூஜைக் குங்குமம் மங்கலாக இன்னும் இருந்தது.

பக்கத்து யூனிட் முதலாளி சுற்றிச் சுற்றி வந்தார். "என்னா ஐட்டம் போடுதும்மா இது?"

"ஒண்ணும் போடாதுங்க மாமா."

"ஒண்ணும் போடாததுக்கா இவ்ளோ கரண்டு?" என்று அவர் கவலைப்பட்டார். சென்னை நண்பர்கள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். அவர் வேடிக்கையாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கவலைப்பட்டார். நானும் அவர் கட்சிதான்.

அப்போது கரண்டு போனது.

மிஷின் நின்றது, மேலே ஃபேனும் நின்றது. எல்லோரும் உஸ் என்று முந்தானையாலும் கைக்குட்டையாலும் விசிறிக்கொண்டார்கள். உடனே பழைய பழக்கம் வந்துவிட்டது. பக்கத்து யூனிட் முதலாளி மிஷின் மீது சாய்ந்துகொண்டார். யாரோ அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்கள். எங்களிடம் ஃபினிஷிங் வேலை பார்த்த அக்கா ஒருவர் எட்டி மேல்வாய்க்குள் பார்த்தார். பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஐய, எஞ் ஸ்பாஞ்சு! செவப்பு நூலு, பாருங்கடி!" என்று சொல்லிக்கொண்டே கையை உள்ளே விட்டார்.

கேட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. "கைய எடு! கைய எடு!" இவர் எப்போது திரும்பிப் பார்த்தார் என்று தெரியாது. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். டீ கொண்டுவந்தவரை இடித்துத் தள்ளினார். ஷட்டரைத் தாண்டி உள்ளே வந்தார். அவர் பாதி தூரம் வருவதற்குள் மேலே ஃபேன் சுழல ஆரம்பித்தது. கரண்டு வந்துவிட்டது. அண்ணன் அலறியதைப் பார்த்து நாத்தனார் சுவிட்சை நோக்கிப் பாய்ந்தாள், அவள் முகமும் வெளுத்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தது ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான். நாத்தனார் சுவிட்சை அணைக்காமல் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அந்த அக்கா முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, உடம்பை நெளித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். "ஐயோ, கூசுதுங்க... ஒண்ணுமில்லண்ணே, ஒண்ணுமில்ல. தொடச்சி வுடுது!"

நாத்தனார் கத்திகளையெல்லாம் கழற்றிவிட்டு, அவை இருந்த இடத்திலெல்லாம் ஈர ஸ்பாஞ்சுகளைக் கட்டியிருந்தாள். வெட்டிப் பிசைந்த தண்டு இப்போது உள்ளே வருகிற கையைத் தடவித் துடைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கத்திலிருந்த மண் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் மிஷினுக்கு ஓரடி தள்ளி நின்று மூச்சு வாங்கினார். எந்த ஷெட்டுக்குள் வரவே மாட்டேன் என்றாரோ அதற்கு நடுவில் நின்றார். அது அவருக்கு நினைவு வந்ததுபோலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

"ஓடக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்கண்ணே."

"அப்பறம்?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "கைய வெச்சிப் பாருங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். ஃபியூஸ் கட்டைகள் கிணுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேண்டாம் என்ற சொல் என் வாய் வரைக்கும் வந்தது. சொல்லாமல் இருந்தேன். இன்றுவரை நான் வாயைத் திறக்காமல் இருந்து செய்த ஒரே நல்ல காரியம் அதுதான் என்று நாத்தனார் கிண்டல் செய்வாள்.

இவர் இடது கையை நீட்டுவார் என்று நினைத்தேன். கக்கத்திலிருந்து வலது கையை எடுத்தார். மிஷினின் வாய் விளிம்பில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு உள்ளே விட்டார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அதற்கும் மேல் ஒரு சுற்று. தோள் தளர்ந்தது. கையை வெளியே எடுத்து, ஈரமாக இருந்த அந்த மூன்று விரல்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது" என்றார்.

நாத்தனார் அழுதுகொண்டே சிரித்தாள். நான் வெறுமனே அழுதேன். ஃபினிஷிங் பெண்கள் வரிசையாக நின்று அவரவர் ஸ்பாஞ்சைத் தேடிக் கையை விட ஆரம்பித்தார்கள். பக்கத்து யூனிட் முதலாளி யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு தானும் விட்டுப் பார்த்தார்.

அதன்பின் எங்கள் வீட்டில் எல்லாம் ஒரேயடியாக மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மெல்ல மெல்ல மாறியது. இப்போது நான் பாட்டுக்கு மிக்ஸியைப் போடுகிறேன், அவர் பாட்டுக்குப் பேப்பர் படிக்கிறார். சட்னி அரைக்கிற சத்தத்தில் ஒரு பெண்பிள்ளைக்கு இத்தனை நிம்மதி கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலங்களில் ஷெட்டுக்குப் போய் மிஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுவார். ஸ்பாஞ்சு காய்ந்திருந்தால் நனைப்பார். எதையும் உற்பத்தி செய்யாத ஒரு மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு, அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். நாத்தனார் புதுச்சேரியில் வீடு எடுத்து வேறு மிஷின்களைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள். அண்ணனும் தங்கையும் போனில் மோட்டாரைப் பற்றிப் பேசுகிற பேச்சில் எனக்கு அடுப்பில் பால் பொங்கிவிடுகிறது.

போன மாதம் சென்னையில் ஒரு பெரிய கண்காட்சிக்கு அந்த மிஷினைக் கேட்டார்கள். லாரியில் ஏற்றும்போது இவரும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான் ரயிலில் போனேன். குளிர்சாதனக் கூடத்தில் வெள்ளைச் சுவருக்கு நடுவே எங்கள் பக்மில் நின்றது, பழைய குங்குமத்தோடு. கையை உள்ளே விட்டுப் பாருங்கள் என்று பக்கத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஒருவர்கூட விடவில்லை. நல்ல உடை உடுத்தியவர்கள் வந்து, தலையைச் சாய்த்துப் பார்த்து, வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். நாத்தனார் ஒரு மூலையில் நின்று நகத்தைக் கடித்தாள்.

இவருக்குப் பொறுக்கவில்லை. உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்து மிஷினிடம் போனார். பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி தயங்கி நின்றிருந்தார். "ஒண்ணும் பண்ணாதுங்க, தைரியமா வைங்க. நான் வெக்கறேன் பாருங்க" என்று தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாள் கையைப் பார்த்தார். இல்லாத விரல்கள் இருந்த இடத்தைப் பார்த்தார். முகம் வெளிறி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நாத்தனார் திரும்பி நின்றுகொண்டாள், அவள் முதுகு குலுங்கியது. இவருக்கு முதலில் புரியவில்லை. பிறகு தன் கையைத் தானே பார்த்தார்.

"இந்த மிஷின்லயா சார்...?" என்று அந்த அம்மாள் மெல்லக் கேட்டார்.

"ஆமாங்க, இதே மிஷின்தான்" என்றார் இவர். கையை உள்ளே விட்டு, அது தடவுகிற சுகத்தில் ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். "இப்ப திருந்திடுச்சிங்க."

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். வளையல்களை மேலே தள்ளிக்கொண்டு, இவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் கையையும் உள்ளே விட்டார்.